தாழையூத்துக்கு முன்னும் பின்னும்

திருநெல்வேலிச் சீமையில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வளர்ந்தவர்களின் நினைவில் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒன்று போய் ஒன்று வந்த பொருள்களாக இல்லை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தெருவில் புழங்கின. வெற்றிலைச் செல்லத்திலும், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் தடவுவதிலும், பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கிற மட்டையிலும் சுண்ணாம்பு இருந்தது. மதுரை ரோட்டில் தாழையூத்திலிருந்து கிளம்பிய லாரிகளின் சாக்கு மூட்டைகளில் சிமெண்ட் இருந்தது. சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பும். தரைக்கும் திண்ணைக்கும் மட்டும் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் ரெட் ஆக்சைடு மெருகு. அந்தக் காலத்தை இன்று எழுதுகிறவர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஆலைகளின் விழா மலர்களில் அது டன் கணக்கில் ஏறிக்கொண்டே போன வளர்ச்சிக் கதை. பழைய வீடுகளை நேசிப்பவர்களின் எழுத்தில் அது மூச்சுவிடும் சுவரை மூச்சடைத்த சுவர் தோற்கடித்த கதை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நான் நினைவில் வைத்திருக்கும் காலத்துக்கு இரண்டுமே முழுதாகப் பொருந்தவில்லை. தாழையூத்து இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையின் வரலாற்றை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் படுவது இதுதான்: கட்டுமானப் பொருளின் தரத்தை அறிகிற வேலை கொத்தனாரின் கையிலிருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கு இடம் மாறியது. அது பெரிய லாபம். ஆனால் அந்த அறிவில் ஒரு பாதிதான் மூட்டைக்குள் அடைபடக்கூடியது. மறுபாதி வேலை நடக்கும் இடத்திலேயே கிடந்தது, அதைப் பொறுப்பேற்க யாரும் வரவில்லை.

சுண்ணாம்புக் காலத்தில் அந்த அறிவு எப்படி இருந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு ஒரே சரக்காக ஒருபோதும் வந்ததில்லை. தூத்துக்குடிக் கடற்கரையின் சிப்பியைச் சுட்டது ஒரு ரகம். கரிசல் காட்டு ஓடைகளில் பொறுக்கிய சுக்கான் கல்லைச் சுட்டது இன்னொரு ரகம். முன்னது வெண்மையும் நைசும் உள்ளது, மெழுகுப் பூச்சுக்கு ஏற்றது. பின்னதில் களிமண் கலந்திருப்பதால் ஈரத்திலும் இறுகும், அடித்தளத்துக்கு ஆகும். காளவாயில் கரியும் கல்லும் அடுக்கி மூட்டும் தீ ஏறக்குறைய 900 பாகை செல்சியஸைத் தொட்டால் கல் வேகும். சுத்தமான கல்லாக இருந்தால் 100 கிலோவுக்கு 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றும்போதுதான் சரக்கின் யோக்கியதை தெரியும். நன்றாக வெந்த சுண்ணாம்பு உடனே சீறிக் கொதித்து மலர்ந்து மாவாகும். வேகாத கல் அடியில் அப்படியே கிடக்கும். அதைச் சலித்து, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு கல் உருளையில் மாடு கட்டி அரைத்து, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துக் குழைவை முடிவு செய்வார்கள். மட்டப்பாவில் தளம் போடும் நாட்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குத்தவைத்துத் தட்டுக்கட்டையால் நாள் முழுக்க அடிப்பார்கள். கட்டை பட்டதும் எழும் ஒலி மாறும். ‘சொத்’தென்று கேட்டது ‘டங்’கென்று கேட்கத் தொடங்கினால் தளம் இறுகிவிட்டது. ஆக, பொருளைச் செய்தவர், சோதித்தவர், பயன்படுத்தியவர் எல்லாரும் ஒரே வேலையிடத்தில் இருந்தார்கள். பொருளின் குறை உடனே கண்ணில் படும். அதற்குத் தக்கபடி கலவையை மாற்றிக்கொள்ளலாம்.

சிமெண்ட் இந்த ஏற்பாட்டை எங்கே உடைத்தது? அதன் மூலப்பொருளிலும் முக்கால் பங்குக்கு மேல் சுண்ணாம்புக்கல்தான். அந்த வகையில் எந்தச் சிமெண்ட் ஆலையும் முதலில் ஒரு சுண்ணாம்பு ஆலையே. கல்லோடு களிமண்ணைக் குறித்த அளவில் சேர்த்து நைசாக அரைத்து, சுழலும் நீண்ட உலையில் 1,450 பாகைக்குச் சூடேற்றினால் இரண்டும் சேர்ந்து கிளிங்கர் எனும் கரும் உருண்டைகளாகும். அதில் கொஞ்சம் ஜிப்சம் கலந்து பொடித்தால் சிமெண்ட். இந்தப் பொருளுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். ஒரு கொத்தனார் கண்டுபிடித்த பொருளே பின்னாளில் கொத்தனாரின் கண்ணுக்கு எதையும் காட்டாத பொருளாக ஆனது. மூட்டைக்குள் இருக்கும் சாம்பல் நிறப் பொடியை முகர்ந்தும் தேய்த்தும் பார்த்தால், கட்டி தட்டியிருக்கிறதா என்பது தெரியும். களிமண் விகிதம் சரியா, உலையில் போதிய சூடு இருந்ததா என்பதெல்லாம் தெரியாது. சுண்ணாம்பில் கல் பாதி வெந்தால் சலித்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். சிமெண்டில் வேதிக் கணக்கு பிசகினால் முழுச் சரக்கும் கெட்டது. ஆகவே சிமெண்ட் தொழில் என்பது முதன்மையாகச் சீர்மையின் தொழில். இன்று வந்த மூட்டையும் அடுத்த மாதம் வரும் மூட்டையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சென்னையில் 1904-இல் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்யத் தொடங்கியது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. சிப்பியில் சுண்ணாம்புச் சத்துக்குக் குறையே கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சிப்பியைச் சுட்டுச் சுவரில் கண்ணாடி மெருகு கொண்டுவந்த ஊரில் அந்தச் சிப்பியே சிமெண்டுக்குக் கைகொடுக்கவில்லை என்பது, இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றானாலும் அறிவு ஒன்றல்ல என்பதற்கு நல்ல சான்று.

1914-இல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பிறகும் இந்தியச் சிமெண்டுக்கு இருந்த முதல் இடைஞ்சல் நம்பிக்கையின்மைதான். இறக்குமதிச் சிமெண்டைக் கேட்டுப் பழகிய பொறியாளர்கள் உள்நாட்டுச் சரக்கைத் தயக்கத்தோடு பார்த்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் புதிது புதிதாக வந்த ஆலைகள் ஒன்றையொன்று விலையில் வெட்டிக்கொண்டு நொடித்தன. 1925-இல் அரசின் டாரிஃப் போர்டு இத்தொழிலை ஆராய்ந்தது; அதே ஆண்டு உற்பத்தியாளர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். 1927-இல் அவர்கள் தொடங்கிய இன்னொரு அமைப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: கான்கிரீட் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. சிமெண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பொருளை விற்றால் மட்டும் போதாது, பயன்படுத்தும் அறிவையும் சேர்த்து விற்கவேண்டும் என்பது அந்தத் தலைமுறை ஆலை முதலாளிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிறகு 1936-இல் பத்து நிறுவனங்கள் ஒன்றாகி ஏ.சி.சி. பிறந்தது. நம் பக்கத்தில் கோயம்புத்தூரை ஒட்டிய மதுக்கரையில் 1934-இல் ஆலை வந்தது. அதற்கு இயந்திரம் கொடுத்த டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மித் நிறுவனத்தின் சார்பில் அதை நிறுவ வந்தவர்தான் சோரன் டூப்ரோ. பின்னாளில் லார்சனோடு சேர்ந்து எல் அண்டு டி-யைத் தொடங்கிய அதே டூப்ரோ. 1939-இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை எழுந்தது. அந்த ஆலை ஊர் ரயில் நிலையத்தின் பெயரையே டால்மியாபுரம் ஆக்கியதும், 1953 ஜூலையில் அந்தப் பெயரை எதிர்த்துக் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்ததும் தமிழ்நாட்டு அரசியலின் பாடப் பகுதி. ஒரு ஆலை ஊரை எவ்வளவு ஆக்கிரமிக்கும் என்பதற்கு அது அடையாளம்.

இந்தப் பின்னணியில்தான் தாழையூத்தைப் பார்க்க வேண்டும். எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தை 1946-இல் பதிவுசெய்தார்கள்; 1949-இல் தாழையூத்து உலை மூண்டது. இடத்தேர்வில் தற்செயல் ஏதுமில்லை. திருநெல்வேலிக்கு அருகே படிகச் சுண்ணாம்புக்கல் படுகைகள் உண்டு. மணியாச்சி வழி ரயில்பாதை ஆலை வாசலை ஒட்டிப் போகிறது. தூத்துக்குடித் துறைமுகம் பக்கம். இல்லாதது நிலக்கரி மட்டுமே. தென்னாட்டு ஆலைகள் எல்லாவற்றுக்கும் அந்தக் குறை உண்டு. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரும் கரி வண்டிக்காக உலை காத்திருந்ததெல்லாம் அந்தக் காலத்துச் சாதாரண நடப்பு. 1950-51-இல் நாடு முழுவதும் உற்பத்தியான சிமெண்ட் ஏறக்குறைய 27 லட்சம் டன். அணை, பாலம், ஆலை, பள்ளிக்கூடம் என்று ஒரு புதிய நாடு தன் திட்டங்களையெல்லாம் அந்த 27 லட்சம் டன்னுக்குள் அடக்கப் பார்த்தது. ஆலைக் குடியிருப்பு சங்கர் நகர் ஆனது; மூட்டை சங்கர் சிமெண்ட் ஆனது. 1963-இல் சேலம் பக்கம் சங்ககிரியில் இரண்டாவது ஆலை. அதற்குள் விருதுநகருக்கு அருகே மெட்ராஸ் சிமெண்ட்ஸும் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. வணிகமும் வட்டிக்கடையும் நெசவாலையும் கண்ட தென்மாவட்டத்து முதல், கல்லை உருக்கும் கனரகத் தொழிலில் துணிந்து இறங்கியது என்பது சாதாரணப் போக்கு அல்ல. அதை நான் உண்மையான மதிப்போடு சொல்கிறேன். முன்பு காளவாய்க்காரரின் முகத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை, இப்போது சாக்கில் அச்சடித்த பெயரைப் பார்த்து வந்தது. முகம் தெரியாதவர் செய்த பொருளை நம்பி வீடு கட்டலாம் என்ற நிலை எங்கள் பக்கத்தில் முதன்முதலாக இப்படித்தான் உருவானது.

பிறகு வந்தது கட்டுப்பாட்டுக் காலம். எழுபதுகளை நினைவுகூர்கிறவர்களுக்குச் சிமெண்ட் என்றதும் ஆலை ஞாபகம் வராது. தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வரும். விலையை அரசு நிர்ணயித்தது. யாருக்கு எத்தனை மூட்டை என்பதையும் அரசு நிர்ணயித்தது. வீட்டு வரைபடத்தைக் கொடுத்து, மனு எழுதி, பெர்மிட் வாங்கி, டெப்போவில் வரிசையில் நின்று பத்து மூட்டையோ இருபது மூட்டையோ எடுத்துவருவார்கள். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகையை இணைத்திருக்கிறேன் என்று மனுவில் எழுதுவார்கள். பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. கிடைத்த மூட்டையை வீட்டுக்குள் பலகை போட்டு அடுக்கி, சுவரில் படாமல் தள்ளிவைத்து, அடுத்த தவணைக்குக் காத்திருப்பார்கள். மூன்று மாதம் கிடந்தால் சிமெண்டின் வலு இறங்கும் என்பதால் காத்திருப்பதே நஷ்டம். கள்ளச்சந்தையில் கிடைத்ததில் சாம்பலும் கல்தூளும் கலந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, சிமெண்ட் ஒதுக்கீட்டையும் அறக்கட்டளை நன்கொடையையும் முடிச்சுப்போட்டுப் பேசிய உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பதவி விலகினார். அடுத்த மாதக் கடைசியில் பகுதிக் கட்டுப்பாடு நீங்கியது. 1989 மார்ச் முதல் தேதியோடு முழுக் கட்டுப்பாடும் போனது. இந்தக் காலத்தை ஊழலின் கதையாக மட்டும் படிப்பது எளிது. என் வாதத்துக்கு வேண்டிய செய்தி வேறு. கிடைப்பதே அரிதாக இருந்தபோது, கிடைத்ததை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. 1927-இல் ஆலைக்காரர்களுக்குத் தேவையாக இருந்த கற்பித்தல், விற்பனைக்கு அலைய வேண்டாத காலத்தில் தேவையற்றதாகிவிட்டது. பெர்மிட் காலத்தில் இரண்டு தலைமுறைக் கொத்தனார்கள் சுண்ணாம்பை விட்டுச் சிமெண்டுக்கு மாறினார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சுண்ணாம்பின் பழக்கங்களைச் சிமெண்டின்மேல் ஏற்றிக்கொண்டு மாறினார்கள்.

அது என்ன செய்தது என்பதை இரண்டு இடங்களில் தெளிவாகக் காணலாம். ஒன்று, தண்ணீர். சுண்ணாம்புச் சாந்து தண்ணீரைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும். குழைவு வேண்டுமானால் ஊற்று, காற்றில் மெள்ள இறுகும். சிமெண்ட் கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது நல்ல கணக்கு. கலவை வழுக்கிக்கொண்டு ஓடினால் வேலை சுளுவாகும் என்று இன்னொரு வாளி ஊற்றினால், தேவைக்கு மேற்பட்ட நீர் பின்னால் காய்ந்து துளைகளாக மிஞ்சும். வலுவும் குறையும், கம்பிக்குத் துருவும் சேரும். அந்த இன்னொரு வாளியை ஊற்றாத வேலையிடத்தை நம் ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றொன்று, தண்ணீர்விட்டு ஆறவைப்பது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஆகவே போட்ட பிறகு பல நாள் நனைந்தே இருக்க வேண்டும். தளத்தில் மண்வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துகிற வழக்கம் இருக்கிறது. தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பது பெயருக்குத்தான். நாலாம் மாடித் தூணுக்கு அதுவும் இல்லை. கட்டுப்பாடு நீங்கிய பிறகு ஆலைகளுக்கிடையே போட்டி வந்தது. போட்டி எண்களில் வந்தது. 28 நாளில் எட்டும் வலுவைக் கொண்டு 33, 43, 53 என்று தரவரிசை. 53 கிரேடுக்கான இந்தியத் தரநிலை 1987-இல் வந்தது. விளம்பரப் பலகைகளில் யானையும் பயில்வானும் சுவரைத் தள்ளினார்கள். எண் பெரிதானால் வீடு கெட்டி என்று மக்கள் நம்பினார்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் அளந்த நீரும் தேர்ந்த மணலும் கொண்டு செய்த சிறு கனசதுரத்தின் வலு. நம் வீட்டுத் தூணின் வலுவை அதிலிருந்து படிக்க முடியாது. நைசாக அரைத்து விரைவாக இறுகும் சிமெண்டுக்கு வெடிப்பு வராமல் இருக்க முதல் நாட்களின் நனைப்பு மிக அவசியம் என்பதை எந்தப் பயில்வானும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: இது வெறும் பழைமை ஏக்கம், சுண்ணாம்பை வைத்துக்கொண்டு இந்த நாட்டைக் கட்டியிருக்க முடியாது என்பது. பாதி சரி. சுண்ணாம்பு இறுக மாதங்களாகும். இழுவிசையைக் கம்பி தாங்க, அந்தக் கம்பியை உள்ளே பிடித்துவைக்கும் வேலைக்குச் சிமெண்டே பொருத்தம். ஓலைக்கூரை வெந்து சாம்பலான கிராமங்களுக்குக் கான்கிரீட் தளத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சுண்ணாம்பை வைத்து அணைகூடக் கட்ட முடியாது என்று யாராவது சொன்னால் அது மட்டும் தவறு. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கி எனும் சுட்ட செங்கற்பொடியும் கலந்த கான்கிரீட். அதே அணையை 1979-க்குப் பின் சிமெண்ட் கான்கிரீட்டும் எஃகு நங்கூரமும் கொண்டு வலுப்படுத்த வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். இரண்டு பொருளும் அங்கே இன்று சேர்ந்து நிற்கின்றன. இன்று நாம் காணும் சுண்ணாம்புக் கட்டடங்கள் எல்லாம் பிழைத்தவை என்பதும் உண்மை. மோசமாகக் கட்டியவை என்றைக்கோ மண்ணாகிவிட்டன. ஆகவே சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. பொருள் மாறியபோது அதன் கையறிவும் மாறியிருக்க வேண்டும் என்பதே வழக்கு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. சுண்ணாம்பின் கையறிவு என்று நான் பெருமையாகச் சொல்வது யாருடைய உடம்பில் இருந்தது? காளவாய் வேலை ஊருக்கு வெளியே, குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது. நீற்றும்போது தெறித்துக் கண் போனவர்கள் உண்டு. கை வெந்து தோல் உரியாதவர் கிடையாது. தளம் அடித்த பெண்களுக்குக் கிடைத்த கூலி, பக்கத்தில் நின்ற ஆண்களின் கூலியை எட்டியதில்லை. தொழில் நுட்பங்கள் வீட்டுக்குள் காக்கப்பட்டன; வெளியாள் கற்க முடியாது. மூட்டை இந்தக் கட்டை அவிழ்த்தது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம், பதினைந்து நாளில் யாரும் பூசக் கற்கலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வயல் வேலை விட்டுவந்த எத்தனையோ இளைஞர்கள் கொத்தனாராகித் தங்கள் குடும்பத்தைக் கரையேற்றினார்கள். இந்த மறுப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஏற்கிறதாலேயே என் வாதம் கூர்மையாகிறது. பொருள் பொதுவானது, அதன் அறிவு பொதுவாகவில்லை. பழைய கொத்தனாருக்குத் தன் பொருள் ஏன் இறுகுகிறது என்று தெரியும், அல்லது தெரிந்த ஒரு மூத்தவர் பக்கத்தில் இருப்பார். புதிதாக வந்தவருக்கு ‘ஒண்ணுக்கு ஆறு’ என்ற விகிதம் மட்டும் தெரியும். சித்தாள் அன்றும் சித்தாள், இன்றும் சித்தாள்; சிமெண்டின் காரம் அந்த அக்காமார்களின் விரலிடுக்குகளை அரித்துப் புண்ணாக்குவதும் நிற்கவில்லை. கையுறை போட்ட சித்தாளைக் காண்பது இன்றும் அபூர்வம்.

மூன்றாவது மறுப்பு ஆலைகளின் பக்கத்திலிருந்து வரும். நாங்கள் மூட்டைக்குப் பொறுப்பு, உங்கள் வாளித் தண்ணீருக்கு எப்படிப் பொறுப்பாவோம்? தவிர, எங்கள் ஆட்கள் கொத்தனார் கூட்டங்கள் நடத்துகிறார்களே, தளம் போடும் நாளில் வந்து பார்த்துச் சொல்லித்தருகிறார்களே? செய்கிறார்கள்தான். ஆனால் அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பெயரையே வாங்கச் சொல்லுங்கள் என்பதில் முடிகின்றன. பரிசுப்பை, பனியன், புள்ளி சேர்ந்தால் மிக்ஸி. சட்டப்படி ஆலையின் பொறுப்பு மூட்டையின் தையலோடு முடிகிறது என்பது சரி. அரசின் பொறுப்பும் பொறியாளரின் பொறுப்பும் எங்கே தொடங்குகின்றன என்று கேட்டால், சிறு வீடுகளில் பொறியாளரே கிடையாது. வரைபடத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். அவரை வேலையிடத்தில் யாரும் கண்டதில்லை. நம் நாட்டில் சிமெண்டின் பெரும்பகுதி இப்படிப்பட்ட தனி வீடுகளுக்கே போகிறது. 1927-இல் ஆலைக்காரர்கள் தங்கள் சொந்த நலனுக்காகவே செய்த வேலையை, 40 கோடி டன்னைத் தாண்டி உற்பத்தி செய்கிற ஒரு தொழில் பொதுநலனுக்காகத் தொடர்ந்திருக்கலாம் என்று எதிர்பார்ப்பதில் அநியாயம் ஏதுமில்லை. மாநில அரசே ஆலங்குளத்திலும் அரியலூரிலும் ஆலை வைத்திருக்கிறது; 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்ட் கொடுத்தது. விலையைக் குறைத்துக் கொடுக்கத் தோன்றிய அரசுக்கு, மூட்டையோடு ஒரு பக்கத் துண்டறிக்கையும் ஒரு நாள் பயிற்சியும் கொடுக்கத் தோன்றவில்லை.

கையறிவு அறுந்ததன் விலையை மிகத் துல்லியமாகக் காட்டுபவை பழைய கட்டடங்கள். காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும்; சுவருக்குள் ஏறிய உப்பும் அந்த வழியில் பூச்சின்மேல் பூத்து உதிரும். பூச்சுதான் பழுதாகும், செங்கல் தப்பும். சில ஆண்டுக்கொருமுறை பூச்சைப் புதுப்பிப்பார்கள். அந்தச் சுவரின்மேல் கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். உப்பு செங்கலுக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே பொடியாக்கும். ஐந்தாறு ஆண்டில் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக விழும்போது, அதன் முதுகில் செங்கல் தூளும் ஒட்டிக்கொண்டு வரும். சத்திரம், கோவில் மண்டபம், பழைய பள்ளிக்கூடம் என்று தென்மாவட்டத்தில் எத்தனையோ சுவர்களில் இதைப் பார்க்கலாம். இங்கே சிமெண்ட் மோசமான பொருள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வலுவான பொருளே எங்கும் நல்ல பொருள் என்று கற்றுக்கொண்டதுதான் கோளாறு. கடலோரத்து அடுக்குமாடிகளில் கம்பி துருத்தி நிற்பதற்கும் காரணம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கம்பிக்கு மேல் விட வேண்டிய கனத்தை விடவில்லை, போதிய நாள் நனைக்கவில்லை. எந்த மூட்டையில் எந்த எண் இருந்திருந்தாலும் அந்தக் கம்பி துருப்பிடித்திருக்கும்.

தாழையூத்தின் கதை இப்போது வேறு கைக்குப் போயிருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆந்திரத்தில் சிலம்கூர் ஆலையையும் ராசி சிமெண்டையும் வாங்கி வேகமாக வளர்ந்தது. இந்தத் தலைமுறைக்கு அந்தப் பெயர் 2008-இல் வாங்கிய சென்னை சூப்பர் கிங்ஸ் அணியோடுதான் முதலில் ஞாபகம் வரும். 2024 டிசம்பரில் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு அல்ட்ராடெக்கிடம் சேர்ந்தது. அல்ட்ராடெக் என்பது எல் அண்டு டி-யின் சிமெண்ட் பிரிவு 2004-இல் பிரிந்து பெற்ற பெயர். 1934-இல் மதுக்கரை உலையை நிறுவ வந்த டென்மார்க்குப் பொறியாளரின் நிறுவனத்திலிருந்து கிளைத்த ஒன்று, தொண்ணூறு ஆண்டு கழித்துத் தாழையூத்து உலைக்கு உரிமையாளராகியிருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பதைப் பங்குதாரர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை மூட்டைக்குள் நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தைப் பற்றியது. இன்று கடையில் தனியாகக் கேட்காவிட்டால் கையில் வருவது பெரும்பாலும் பி.பி.சி. எனும் கலப்புச் சிமெண்ட்; அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரை கலக்க அதற்கு அனுமதி உண்டு. பொருளாக அதில் எந்தக் குறையும் இல்லை. சாம்பல் வீணாகவில்லை, கல் மிச்சம், கரியமில வாயு குறைவு, கடலோரத்தில் நீடித்தும் உழைக்கும். ஆனால் அது மெள்ள இறுகும். கான்கிரீட் வேலைக்கான இந்திய விதித்தொகுப்பு 2000-ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டது: சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நனைப்பு என்றால் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெக்கையும் வறட்சியும் உள்ள இடங்களில் 14 நாள் விடுவது நலம். திருநெல்வேலி வெயிலுக்கு எது பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை. 2023-இல் இன்னொரு ரகத்துக்கும் தரநிலை வந்துவிட்டது: சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கணிசமாகக் கலந்த எல்.சி.3 சிமெண்ட்; அதன் ஆராய்ச்சியில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்பையும் இணைப்பது சுர்க்கிச் சாந்து அரைத்தவர்களுக்குத் தெரிந்த வேலை. அந்த ரகம் நம் ஊர்க் கடைகளுக்கு வரும்போது, அதற்கு எத்தனை வாளி தண்ணீர், எத்தனை நாள் நனைப்பு என்று தளம் போடுகிற கொத்தனாரிடமும் சித்தாள் அக்காவிடமும் போய்ச் சொல்லப்போவது யார் என்பதை, அதை விற்கப்போகிற ஆலைகள் இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.